தன்னின உணர்வும் நீதி உணர்வும்

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தன்னருகே வைக்கப்பட்ட பொருளின் நிறத்தைத் தன் நிறம்போலக் காட்டும். செம்மலர் அருகிருந்தாற் சிவந்தும், நீலமலர் அருகிருந்தால் நீலமாகவும் தோன்றும். இவ்வுவமை வீடுபேற்றை நோக்கிக் கூறப்பட்டதேயாயினும், உலகியலில் வேறொரு வினாவை ஆராயப் புகுவார்க்கும் கைகொடுக்கும். எண்ணிக்கையாலோ அதிகாரத்தாலோ சிறுபான்மையான ஒரு கூட்டத்திற் பிறந்த பிள்ளை, தன்னைச் சூழ்ந்த பெரும்பான்மையினரின் கண்கொண்டு தன்னையே நோக்கப் பழகுமாயின், அப்பிள்ளையின் உள்ளத்துக்கு நேர்வது யாது? அது வளர்ந்து பதினைந்து, பதினாறு வயதை அடையும்போது, தன் இனத்தைப்பற்றிய உணர்வும் தன்னைச் சூழ்ந்த அநீதியைப்பற்றிய உணர்வும் எவ்வாறு அரும்புகின்றன? இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொடர்பு என்னை? கல்வித் தொழிலிலுள்ளோரும் மேல்வகுப்பு மாணாக்கரும் சிந்திக்கத்தக்க இவ்வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இத்துறையில் மிகுதியான ஆய்வு நடைபெற்ற நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கு வாழும் கறுப்பின மக்களின் பிள்ளைகளே முதன்முதல் இவ்வாராய்ச்சிக்குப் பொருளாயினர். கென்னத் கிளாக், மேமி கிளாக் என்னும் கறுப்பினத் தம்பதியர் உளநூல் வல்லுநர். 1940ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அவர்கள் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராக அழைத்து, அவர்முன் நான்கு பொம்மைகளை வைத்தனர். பொம்மைகள் யாவும் ஒரே அச்சின. நிறம் ஒன்றே வேறு. இரண்டு மாநிறம், இரண்டு வெள்ளை. “நீ விளையாட விரும்பும் பொம்மையைத் தா”, “நல்ல பொம்மையைத் தா”, “பார்வைக்குக் கெட்டதாயுள்ள பொம்மையைத் தா” என்றவாறு சில வேண்டுகோள்களை அவர்கள் விடுத்தனர். ஈற்றில், “உன்னைப்போல் இருக்கும் பொம்மையைத் தா” என்றனர்.

விளையாடுதற்கு வெள்ளைப் பொம்மையை நூற்றுக்கு 67 பிள்ளைகள் எடுத்தனர். கெட்டதாகத் தோன்றும் பொம்மை எது என்றபோது நூற்றுக்கு 59 பிள்ளைகள் மாநிறப் பொம்மையைச் சுட்டினர். பின்னர், தம்மைப்போன்ற பொம்மையைத் தருமாறு கேட்கப்பட்டபோது, சற்று முன்னர்த் தாமே இகழ்ந்த பொம்மையை எடுக்கவேண்டிய நிலைமை பலருக்கு நேர்ந்தது. சில பிள்ளைகள் அழுதன. சில அறையைவிட்டு ஓடின. ஓர் ஆய்வின் புள்ளிவிபரத்துட் பிள்ளைகளின் கண்ணீர் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவது அரிது.

இதனாற் பெறப்படும் முடிபைப் பலர் அவசரப்பட்டுக் கூறிவிடுவர்: பாடசாலைகளை நிறத்தாற் பிரித்தமையே இக்கேட்டுக்குக் காரணம் என்று. ஆய்வின் எண்களோ அவ்வளவு எளிதில் வசப்படுவன அல்ல. இனப் பிரிவினை சட்டமாயிருந்த தெற்கு மாநிலமான ஆர்க்கன்சோவிலும், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பாடசாலையிற் பயின்ற வடக்கு நகரமான ஸ்பிரிங்பீல்டிலும் சோதனை நடத்தப்பட்டது. வெள்ளைப் பொம்மையை விரும்பியோர் தெற்கில் நூற்றுக்கு 62, வடக்கில் 72. பிரிவினைச் சட்டம் இல்லாத இடத்திலேயே விருப்பம் மிகுந்து காணப்பட்டது. பாடசாலைச் சுவர் இல்லாவிடினும் தெருவும் கடையும் படப்புத்தகமும் கற்பித்துக்கொண்டே இருக்கின்றன என்பதே இதன் பொருள் எனலாம். தனிப் பாடசாலையில் தம் நிறத்து ஆசிரியரையே கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே ஓரளவு காப்பாயிருந்திருக்கலாம் என்று கொள்ளவும் இடமுண்டு.

இனிப் பருவ வயதினரிடம் வருவோம். கட்டிளமைப் பருவத்தின் தலையாய பணி ‘யான் யார்?’ என்பதற்கு விடை காணுதலே என எரிக் எரிக்சன் எழுதினார். இக்கருத்தைச் சிறுபான்மை மாணாக்கர்மேல் வைத்து ஆராய்ந்தவர் ஜீன் பின்னி என்னும் அம்மையார். லொஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துப் பாடசாலைகளிற் பத்தாம் வகுப்பு மாணாக்கரை நேர்கண்டு அவர் எழுதிய கட்டுரை 1989இல் வெளிவந்தது. மூன்று படிகளை அவர் கூறினார். முதலாவது, தன்னினத்தைப்பற்றி ஆராயாதிருத்தல். பெற்றோர் சொன்னதையோ பெரும்பான்மையினர் சொன்னதையோ மாணாக்கன் அப்படியே ஏற்றிருப்பான். இரண்டாவது, தேடுதல். யாதேனும் ஓர் அவமதிப்போ ஒரு நூலோ ஒரு பயணமோ அவனை உலுப்பிவிடும். தன் முன்னோரின் மொழி, வரலாறு, வழிபாடு ஆகியவற்றை அவன் வினாவத் தொடங்குவான். மூன்றாவது, தெளிதல். பிறரை இகழாமலும் தன்னை ஒளிக்காமலும், ‘இன்னான் யான்’ என்று அமைதியோடு இருக்கும் நிலை அது. பின்னி கண்ட சிறுபான்மை மாணாக்கருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் முதற்படியிலும், காற்பங்கினர் இரண்டாம் படியிலும், எஞ்சிய காற்பங்கினர் மூன்றாம் படியிலும் இருந்தனர். தெளிந்த நிலையை எய்தியோரிடம் தன்மதிப்பும் மனநலமும் மிகுந்து காணப்பட்டன.

அவ்வாய்வில் வெள்ளையின மாணாக்கரும் இருந்தனர். அவர்களை இப்படிகளில் எதிலும் வைக்க இயலவில்லை. தம் இனம் யாது என்பதை அவர்கள் எண்ணியே பார்த்ததில்லை. அமெரிக்கர் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீரிலுள்ள மீன் நீரை அறியாது. இக்குறிப்பு நமக்கும் பின்னர் வேண்டப்படும்.

பொம்மைச் சோதனையைக் கண்டு, கறுப்பின இளைஞர் யாவரும் தம்மை வெறுப்பர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்னைய ஆராய்ச்சி அதனை மறுத்தது. 1968இல் போல்டிமோர் நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்த ரோசன்பேர்க், சிமன்ஸ் என்போர், கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளையரதினும் தாழ்ந்ததன்று எனக் கண்டனர். வேறு பல ஆய்வுகளும் அதனையே உறுதி செய்தன. பிள்ளை பொம்மையைத் தெரிவது, உலகம் எதனை மதிக்கின்றது என்பதை அது அறிந்துகொண்டமைக்குச் சான்று. தன்னையே அது வெறுத்தமைக்குச் சான்றன்று. வீடும் கோயிலும் உறவும் நல்லாசிரியரும் உலகத்தின் மதிப்பீட்டுக்கு எதிராக மற்றொரு மதிப்பீட்டைக் கொடுக்கவல்லன. பளிங்குக்கு அருகே வைக்கத்தக்க மலர் ஒன்றன்று என்க.

தன்னின உணர்வு தெளிந்த அளவில் நீதி உணர்வு தானே வந்துவிடுமா? வாராது. தன் குலப்பெருமை பேசி அமைந்துவிடுவோர் எந்நாட்டிலும் உளர். இரண்டும் ஒன்றோடொன்று இணைந்து செயலாகிய ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாக நோக்குவாம்.

வேர்ஜினியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வேட் என்பது ஒரு சிற்றூர்க் கோட்டம். புகையிலை விளையும் நாடு. அதன் தலையூராகிய பாம்வில்லில் ரொபேட் மோற்றன் உயர்தரப் பாடசாலை என ஒன்று கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1939இற் கட்டப்பட்டது. 180 பேருக்கென அமைந்த அக்கட்டடத்தில் 1950ஆம் ஆண்டளவில் 450க்கு மேற்பட்டோர் பயின்றனர். புதிய கட்டடம் வேண்டுமெனப் பெற்றோர் விண்ணப்பித்தனர். கல்விச் சபையோ, 1948இல் மரச்சட்டங்களின்மேல் தார் பூசிய தாளைப் போர்த்திக் கொட்டில்கள் அமைத்துக் கொடுத்தது. மழைக்காலத்தில் அவை ஒழுகின. பனிக்காலத்தில் அடுப்பருகே இருந்தோர் வெந்தனர். தூரத்தே இருந்தோர் மேலங்கியோடு இருந்து நடுங்கினர். தேகப் பயிற்சிக் கூடம் இல்லை, உணவுச்சாலை இல்லை. வெள்ளையர் பாடசாலை கழித்துவிட்ட புத்தகங்களும் பஸ் வண்டிகளுமே அவர்களுக்குக் கிடைத்தன.

அங்கே பதினோராம் வகுப்பிற் பயின்றவள் பார்பரா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி. தன் மனக்குறையை அவள் சங்கீத ஆசிரியை ஒருவரிடம் கூறியபோது, அதற்கு நீயே ஏதேனும் செய்யலாகாதோ என்று அவர் கேட்டனர். ஒருநாட் காலையில் பார்பரா தன் பஸ்ஸைத் தவறவிட்டு வீதியோரத்தில் நின்றாள். வெள்ளையர் பாடசாலைக்குச் செல்லும் பஸ், பாதிக்கு மேல் வெறுமையாக அவளைக் கடந்து சென்றது. அன்று அவள் உறுதிகொண்டாள் எனப் பின்னர் அவளே எழுதி வைத்த குறிப்பால் அறிகிறோம். நம்பத்தக்க மாணாக்கர் சிலரைத் தெரிந்தெடுத்துச் சில மாதங்கள் மந்திராலோசனை செய்தாள். பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல்லும் வெளிவரவில்லை. மாணாக்கர் சங்கங்களில் இரகசியம் நிலைப்பது எத்துணை அரிது என்பதை ஆசிரியத் தொழிலில் இருந்தோர் அறிவர்.

1951ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் திகதி, மாணாக்கர் சிலர் நகரத்திற் பொலிசாரிடம் அகப்பட்டுள்ளனர் என்று அதிபர் போய்ட் ஜோன்சுக்கு ஒரு தொலைபேசிச் செய்தி வந்தது. அவர் விரைந்து சென்றார். செய்தி பொய், மாணாக்கரே அனுப்பியது. அவர் சென்றதும், எல்லா வகுப்புக்களும் மண்டபத்துக்கு வருக என்ற சீட்டு அதிபரின் பெயரால் வகுப்புத்தோறும் சென்றது. யாவரும் வந்தமர்ந்தபின் திரை விலக, மேடையில் நின்றவர் அதிபரல்லர், பார்பரா நின்றாள். ஆசிரியர்களை வெளியேறுமாறு வேண்டிக்கொண்டு, தம் பாடசாலையின் நிலையை எடுத்துரைத்து, நல்ல கட்டடம் கிடைக்கும்வரை வகுப்புக்குத் திரும்புவதில்லை என்றாள். 450 மாணாக்கரும் அவளைப் பின்தொடர்ந்தனர். இரண்டு வாரங்கள் பகிஷ்கரிப்பு நீடித்தது.

மாணாக்கர் எழுதிய கடிதத்தைக் கண்டு, ரிச்மன்ட் நகரத்து வழக்கறிஞர் ஒலிவர் ஹில், ஸ்பொட்ஸ்வூட் ரொபின்சன் ஆகிய இருவரும் வந்தனர். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும் எண்ணத்தோடு வந்த வழக்கறிஞர், அவர்தம் ஒழுங்கையும் உறுதியையும் கண்டு மனம் மாறினர். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர்: தனிப் பாடசாலைக்கு நல்ல கட்டடம் கேட்டு வழக்காட மாட்டோம், பிரிவினையையே ஒழிக்குமாறு வழக்காடுவோம் என்பது. கட்டடம் கேட்கப் புறப்பட்ட சிறுவர் அதற்கும் உடன்பட்டனர். மே 23ஆம் திகதி 117 மாணாக்கர் சார்பில் வழக்குத் தாக்கலாயிற்று.

அவ்வழக்கிற் கிளாக் தம்பதியர் சாட்சியம் அளித்தனர். மாநிலத்தின் சார்பில் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹென்றி காரட், அவ்விருவர்க்கும் ஆசிரியராயிருந்தவர். வசதிகள் சமமாயின் பிரிவினையாற் கேடில்லை என்பது அவர் வாதம். ஆசிரியரை மன்றில் மறுக்கவேண்டிய கடமை மேமி கிளாக் அம்மையாருக்கு நேர்ந்தது, அவர் தயங்கவில்லை. கீழ்மன்றில் மாணாக்கர் தோற்றனர். பின்னர் இவ்வழக்கு, கான்சாஸ், தென் கரோலைனா, டெலவெயர் மாநிலங்களின் வழக்குக்களோடு சேர்த்து உயர் நீதிமன்றில் விசாரிக்கப்பட்டு, 1954 மே 17இல் அரசினர் பாடசாலைகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு முரணானது என்னும் தீர்ப்பைப் பெற்றது. இவற்றுள் மாணாக்கரே தொடங்கிய வழக்கு இஃதொன்றே.

அதிபரைப்பற்றி ஒரு வார்த்தை. பகிஷ்கரிப்பின் பின்னர் அவர் பதவியை இழந்தார். அவர் மாணாக்கருக்கு எதிரியல்லர். புதிய கட்டடம் கேட்டுப் பெற்றோரோடு நின்று பலமுறை மன்றாடியவர். அவரைப் பொய்ச்செய்தியால் அகற்றியமை நேர்மையோ என்று வினவலாம். மாணாக்கர் அவரை ஏமாற்றினர் என்பதினும், அவர் அறிந்திருந்தால் தடுத்தேயாகவேண்டிய நிலையில் இருந்தார் என்பதை உணர்ந்து அவரைக் காக்க முயன்றனர் என்பதே என் கருத்து. அம்முயற்சி கைகூடவில்லை. சிறுபான்மைச் சமூகத்தின் அதிபர் ஒருவர் மேலிடத்துக்கும் மாணாக்கருக்கும் நடுவே நிற்கும் நிலை எத்துணை இடர்ப்பாடானது என்பது நம் நாட்டு அதிபர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

வெற்றியின் விலையும் பெரிது. பார்பராவைப் பெற்றோர் பாதுகாப்புக் கருதி, அலபாமாவிலிருந்த தந்தையின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பினர். பிரின்ஸ் எட்வேட் கோட்டத்தாரோ, கறுப்பினப் பிள்ளைகளோடு தம் பிள்ளைகளை இருத்துவதினும் பாடசாலைகளையே மூடுவது மேல் எனத் துணிந்து, 1959இல் அரசினர் பாடசாலைகள் அனைத்தையும் மூடினர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் கலாசாலை தோன்றியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. உயர் நீதிமன்றின் கட்டளையால் 1964இற் கதவு திறக்கும்வரை ஐந்தாண்டுகள் கழிந்தன. எழுத்தறியாமலே வளர்ந்தோரும் அவருட் பலர். 2004இல் வேர்ஜினியா மாநிலம், அக்காலத்திற் கல்வி இழந்தோர்க்குப் புலமைப்பரிசில் ஏற்படுத்தியபோது அவர்கள் முதுமையை எய்தியிருந்தனர். பார்பரா நூலகராகப் பணியாற்றி 1991இற் காலமானார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வேர்ஜினியாவின் சார்பில் நின்ற சேனாதிபதி லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அதனிடத்துக்கு இவ்வம்மையாரின் சிலை தெரிந்தெடுக்கப்பட்டது.

பாம்வில் மாணாக்கர் பெற்றிருந்ததைப் பின்வந்த ஆய்வாளர் மூன்றாகப் பகுத்துக் காட்டுவர். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரேயின் கருத்தைத் தழுவிய பகுப்பு அது: தம் நிலைக்குக் காரணம் விதியன்று, மனிதர் செய்த ஏற்பாடே என அறிதல், தம்மால் அதனை மாற்ற இயலும் என நம்புதல், மாற்றும் செயலிற் புகுதல். முதலாவது மாத்திரம் இருந்து இரண்டாவது இல்லாவிடின் அறிவே துயராகிவிடும். அநீதியை விரித்துரைத்துவிட்டு, ‘நீ யாது செய்யலாம்?’ என்பதைக் கூறாமல் மணியடித்ததும் வெளியேறும் ஆசிரியர் மாணாக்கருக்கு நன்மை செய்தவராகார். அச்சங்கீத ஆசிரியை கேட்டது ஒரு சிறு கேள்வியே.

இவற்றைப் பாடமாகக் கற்பித்தல் கூடுமோ என்பது அண்மைக்காலத்து வழக்கு. அரிசோனா மாநிலத்து ரூசோன் நகரில் மெக்சிக்க வழித்தோன்றல்களின் வரலாறும் இலக்கியமும் கற்பித்த பாடத்திட்டத்தை, பகைமை வளர்ப்பது எனக் குற்றஞ்சாட்டி 2010இல் ஒரு சட்டம் தடைசெய்தது. 2012இல் வகுப்புக்கள் நின்றன. 2017இல் நீதிமன்று அத்தடை இனக் காழ்ப்பால் எழுந்தது எனத் தீர்த்தது. அதே ஆண்டில், சான் பிரான்சிஸ்கோவில் அத்தகைய பாடம் பயின்ற ஒன்பதாம் வகுப்பினரைப்பற்றிய ஆய்வு வெளிவந்தது. முன்னர்க் குறைந்த புள்ளி பெற்றோரிடையே, பாடசாலை வரவு நூற்றுக்கு 21 புள்ளி உயர்ந்தமையை அது காட்டிற்று. தேர்ந்த ஆசிரியர், நெடுநாள் ஆயத்தம் ஆகியவற்றோடு நடத்தப்பட்ட பாடம் அது என்பதையும் உடன் சொல்லவேண்டும். அட்டவணையில் ஒரு பாடவேளையைச் செருகிவிடுவதால் இப்பயன் விளையாது.

நம் நாட்டுக்கு வருமுன் ஒரு நிகழ்ச்சி. மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியாவில் யாத்திரை செய்தபோது, கேரளத்தில் தீண்டாதார் எனப்பட்டோரின் பிள்ளைகள் பயிலும் பாடசாலை ஒன்றுக்குச் சென்றார். அதன் அதிபர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப்போன்ற ஒரு தீண்டாதவர் என்ற பொருள்பட அறிமுகஞ் செய்தார். கிங் முதலில் அதிர்ச்சியுற்றார். பின்னர்த் தம் நாட்டு மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, அது மெய்யே என ஏற்றுக்கொண்டார். 1965இல் தம் ஆலயப் பிரசங்கத்தில் அவரே இதனைக் கூறினார்.

இந்நிகழ்ச்சியை ஓர் இந்துக் கல்லூரியின் மலரிற் குறிப்பதற்குக் காரணம் உண்டு. நம் மாணாக்கன் இரண்டு ஆசனங்களில் ஒருங்கே அமர்ந்திருக்கிறான். இலங்கைத்தீவில் அவன் சிறுபான்மையினன். 1956இன் மொழிச் சட்டமும், 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுந்த தரப்படுத்தலும், அவற்றின் பின்வந்த நெடுந்துயரும் ‘யான் யார்?’ என்னும் வினாவை அவன் தந்தையர்க்கும் பாட்டனார்க்கும் எழுப்பின. அதற்கு முன்னரே, மிஷனரிமார் கல்வியின் நடுவில் சைவப் பிள்ளை தன்னை இழந்துவிடாதிருக்க நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நம் போன்ற கல்லூரிகள் அவ்வழி வந்தவை. பின்னி கூறும் இரண்டாம் படியை ஒரு சமூகமே ஏறியது என்றால் மிகையாகாது.

ஆனால் அவன் தன் ஊரில் அமர்ந்திருக்கும் ஆசனம் வேறு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலும் வகுப்பறைக்கு வெளியிலும் இருத்தப்பட்ட பாடசாலைகள் இக்குடாநாட்டில் இருந்தன. 1930ஆம் ஆண்டளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென அரசினர் பணித்தபோது எதிர்த்து விண்ணப்பித்தோர் நம்மவர். தீ வைக்கப்பட்ட பாடசாலைகளும் உள. 1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் அடியார் தடுக்கப்பட்டனர். பெருமையும் இதிற் கலந்துள்ளது: 1924இல் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது, 1927இற் காந்தியடிகளை இங்கு அழைத்து வந்தது. இளைஞரே முன்னின்றனர். மூத்தோர் பலர் பின்னின்றனர்.

தன் ஊரிற் பெரும்பான்மை நிலையிலிருக்கும் மாணாக்கன், பின்னி கண்ட வெள்ளையின மாணாக்கரைப்போலவே, சாதியைப்பற்றி எண்ணியதே இல்லை என்பான். அது மறைந்துவிட்டது என்றுகூடச் சொல்வான். அவனுக்கும் அருகிருக்கும் மாணாக்கனுக்கும் அவ்வினா ஒரே பொருளுடையதன்று. தன்னின வரலாற்றைத் தேடி அறியும் எட்டுவாரப் பாடத்தொடர் ஒன்றை அமெரிக்காவில் நடத்திய ஆய்வாளர், சிறுபான்மையோர் மட்டுமன்றிப் பெரும்பான்மை மாணாக்கரும் அதனாற் பயனடைந்தமை கண்டனர். ஆதலின் இது ஒரு சாராருக்குரிய மருந்தன்று.

மேல்வகுப்பு மாணாக்கர் சங்கத்துக்கு ஒரு முயற்சியைக் கூற விரும்புகிறேன். பாடசாலைகளின் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் வரவு இடாப்புக்களும் எஞ்சியுள்ள இடங்களில், அதிபரின் அனுமதியோடு அவற்றைப் படித்துப் பார்க்கலாம். எந்த ஆண்டில் எவ்வூர்ப் பிள்ளைகள் முதன்முதற் சேர்க்கப்பட்டனர், எவர் இடையில் நின்றனர், சம ஆசனம் பற்றி யாது எழுதப்பட்டுள்ளது, அல்லது யாதும் எழுதப்படவில்லையா என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பின்னர் அவ்வாண்டுகளிற் பயின்ற முதியோர் வீடுகளுக்குச் சென்று கேட்கலாம்; வாங்கில் அமர்ந்தோரிடம் மட்டுமன்று, நிலத்தில் அமர்ந்தோரிடமும், வாயிலோடு திரும்பிச் சென்றோரிடமும். அவர்கள் எண்பது, தொண்ணூறு வயதினர். அடுத்த விடுமுறைக்குள் தொடங்குவது நன்று.